ஒன்பதாம் கட்டம்

அறிவிப்பை ஒட்டியவரே மேற்படியார்தான். ஆணையர் அலுவலக வாசல் பலகையில் நாலு மூலைக்கும் பசை தடவி, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். நேராகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் படித்தார். அரசாங்க வேலையில் ஊறிப்போனவர்களுக்கு இந்தப் பழக்கம் வந்துவிடும். முதலில் ஒட்டுவார்கள், பிறகு படிப்பார்கள்.

மக்கள்தொகைப் பேரேட்டின் ஒன்பதாம் கட்டத்தில் இரண்டு என்று பதிவாகியிருப்பவர்கள் அனைவரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் பாலத்தைக் கடந்து அக்கரை நாட்டுக்குப் போய்விட வேண்டும். ஆளுக்கு இரண்டு பை. வீட்டைப் பூட்டி, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட வேண்டும். அக்கரையில் ஒன்று என்று பதிவானவர்கள் அதே பாலத்தின் வழியாக இக்கரைக்கு வருவார்கள். இரு அரசுகளும் கலந்து பேசி, இரு நாட்டு மக்களின் நலன் கருதி எடுத்த முடிவாம். கீழே முத்திரை.

மேற்படியார் ஒன்று. அவர் மனைவி இரண்டு. ஒன்றும் இரண்டும் பதினேழு வருடம் குடித்தனம் நடத்தியும் வீட்டில் மூன்றாவது ஆள் வரவில்லை. அந்தக் குறையைச் சொல்லி ஒருவரையொருவர் குத்திக்காட்டியதும் இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர், பாலத்துத் தெருவில் அவளுடைய வயதான அப்பா. உலகத்தில் அவர்களுக்கு இருந்தது அவ்வளவுதான். இப்போது அந்தப் பலகையில், தன் கையால் நீவிவிட்ட காகிதத்தில், அதில் முக்கால்வாசி பறிபோவதை அவர் படித்துக்கொண்டு நின்றார்.

இந்த ஒன்றும் இரண்டும் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. ராஜா காலத்தில் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே ராஜாதான். அவருக்கு வேண்டியது வரியும் குதிரைக்குப் புல்லும். உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டாரே தவிர, நீ யார் என்று அவர் கேட்டதில்லை. ஒரு போரில் தோற்று அவர் ஓடிப்போனதும் ஆறு எல்லையாகி, கரைக்கு ஒன்றாக இரண்டு நாடு பிறந்தது. பிறந்த எட்டாவது மாதம் பள்ளிக்கூடங்களுக்குப் புதுப் பாடப்புத்தகம் வந்தது. நாட்டுக்கு வயது இரண்டாயிரம் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டாயிரம் வயதா என்று ஒருத்தராவது வாய்விட்டுச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரிக்காமல் விட்டதற்குத்தான் பிறகு எல்லாரும் சேர்ந்து அழுதார்கள்.

நாடு என்று ஒன்று வந்தால் அதில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டுமே. எண்ணினார்கள். பழைய படிவத்தில் வீட்டு எண், பெயர், வயது, தொழில் என்று எட்டுக் கட்டம் இருந்தது. புதுப் படிவத்தில் ஒன்பதாவதாக ஒரு கட்டம் முளைத்தது. தேசிய இனம். இரண்டு இனங்களுக்கும் நீளநீளமான பெயர்கள் வைத்திருந்தார்கள். கட்டமோ கட்டைவிரல் நகத்தளவுதான். அதனால் இந்தக் கரைக்காரர்களுக்கு ஒன்று, அந்தக் கரைக்காரர்களுக்கு இரண்டு என்று எண் போடச் சொல்லிவிட்டார்கள். நீளமான பெயர்கள் மேடைக்குப் போயின. தெருவில் ஒண்ணு, ரெண்டு என்றே நிலைத்தது.

மேற்படியாருக்கு அப்போது இருபத்துநாலு வயது, வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆனால் பட்டப்பெயர் அதற்குள் விழுந்துவிட்டது. மேல் வரியில் எது இருக்கிறதோ அதுவேதான் இந்த வரிக்கும் என்பதற்கு எழுத்தர்கள் ‘மேற்படி’ என்று ஒரு குறி போடுவார்கள். ஒரு சுழி, கீழே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மற்றவர்கள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் இவர் மூன்று பக்கம் முடிப்பார். கடைசி இழுப்பைத் தூண்டில் முள் மாதிரி மேலே வளைத்து விடுவது அவருடைய முத்திரை. ‘மேற்படி போடத் தெரியாதவன் என்னய்யா எழுத்தர்’ என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஆவண அறைக்குப் போனார். அந்த அறைச் சாவி அவரிடமே இருந்ததால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மனைவியின் வரியில் ஒரு பிழை கிடைக்குமா என்பதுதான் அவர் எண்ணம். வயது தப்பாக இருக்கலாம். வீட்டு எண் மாறியிருக்கலாம். முழுகுகிறவனுக்கு எது கிடைத்தாலும் கட்டைதான். பாலத்துத் தெருவின் பேரேட்டை இறக்கி, தூசியைத் தட்டி, ஜன்னலோரம் வைத்துத் திறந்தார்.

கையெழுத்து அவருடையதுதான். அதில் அதிசயம் இல்லை. அந்தத் தெருவுக்குக் கணக்கெடுக்கப் போனவரே அவர்தானே. பதினேழாம் எண் வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்ததும், கொண்டுவந்து கொடுத்தவளையே மறு வருடம் கல்யாணம் செய்துகொண்டதும் அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் கதை. ‘அரசாங்க வேலையா போனேன், அரசாங்கமே பொண்ணு பாத்துக் குடுத்துடுச்சு’ என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் உள்ளே இருந்து, ‘ஆமாமா, பெரிய அரசாங்கம்’ என்பாள்.

முதல் வரி, முதல் வீடு. குடை ரிப்பேர்காரர். ஒன்பதாம் கட்டத்தில் தெளிவான இரண்டு. அதற்குக் கீழே சுழியும் இழுப்பும். அதற்குக் கீழேயும் அதுதான். பக்கம் முடிகிறவரை வளைந்த முள்ளாகவே வரிசையாக இறங்கியது. புதுப் பக்கத்தின் முதல் வரியில் மேற்படி போடக் கூடாது, முழுதாக எழுத வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியை மட்டும் அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார். ஒவ்வொரு பக்கத் தலையிலும் ஒரு இரண்டு, கீழே முழுக்க முட்கள். நாற்பத்தொரு வீடு, நூற்றுத்தொண்ணூறு பேர். மூன்றாம் பக்கத்தின் நடுவில் பதினேழாம் எண் வீடு, பூட்டுக்காரர், வயது ஐம்பத்திரண்டு. அதற்கடுத்த வரியில் அவர் மகள், வயது பத்தொன்பது. இரண்டு பேருக்கும் முள்.

மற்றக் கட்டங்களில் மை ஒரு மாதிரி நீலம். ஒன்பதாம் கட்டத்தில் மட்டும், முதல் வரிக்குக் கீழே, வேறு நீலம். அதைப் பார்த்ததும்தான், பதினெட்டு வருடமாக மனதின் எந்த மூலையிலோ கிடந்த அந்தச் சாயங்காலம் அவருக்கு எழுந்து வந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நடந்தது இதுதான். முதல் வீட்டில் குடை ரிப்பேர்காரர், “நான் அக்கரையில பொறந்தவன் தம்பி, ரெண்டுன்னே போட்டுக்கோ” என்றார். நல்ல மனுஷன், வேலையை எளிதாக்கினார். இரண்டாம் வீட்டுக்காரரோ, “ஒண்ணா ரெண்டான்னா? நாங்க இந்த ஊருப்பா” என்றார். மூன்றாம் வீட்டிலும் இந்த ஊர்தான். நாலாம் வீட்டு அம்மாள், “என்ன எழவு கேள்வி இது, பொறந்ததுலேருந்து இங்கதானே கெடக்குறேன்” என்று கதவைச் சாத்தினாள். அந்தத் தெருவில் மீன் பேரம் பேச ஒரு பாஷை, பிள்ளையைத் திட்ட இன்னொரு பாஷை, கனவு காண எந்தப் பாஷையோ. எட்டாம் வீட்டோடு இவர் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டார். பெயர், வயது, தொழில் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு, ஒன்பதாம் கட்டத்தைக் காலியாகவே கொண்டுவந்தார். பதினேழாம் வீட்டில் தாகமாக இருந்தது, தண்ணீர் கேட்டார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் ஏட்டைப் புரட்டிவிட்டுக் கத்தினார். “கட்டம் காலியா இருந்தா என்ன அர்த்தம்? அரசாங்கத்துக்குத் தெரியலைன்னு அர்த்தம். அரசாங்கத்துக்குத் தெரியாம இருக்க முடியுமா? இன்னைக்கு எடுத்த கணக்கு நாளைக்குக் காலையில தலைநகரத்துக்குப் போகணும். நிரப்பிக் குடு.” இவர் தன் மேசைக்குப் போனார். முதல் வரியில் இரண்டு இருந்தது. பேனா தானாகக் கீழே இறங்கியது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். இங்கே முதல் வரி நேராகத்தான் இருந்தது, மிச்சமெல்லாம் கோணல். மழை வலுப்பதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். மறுநாள் வேறு தெரு, அதற்கடுத்த நாள் இன்னொரு தெரு. ஒரு மாதத்தில் மறந்தே போனார்.

ஆனால் கட்டம் மறக்கவில்லை. ஆறு வருடம் கழித்து அந்தப் பேரேட்டைப் பார்த்து அடையாள அட்டை கொடுத்தார்கள். பாலத்துத் தெருக்காரர்கள் தாங்கள் இரண்டு என்பதை அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் தோளைக் குலுக்கினார்கள். பிறகு இரண்டுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வந்தது. தனிச் சங்கம் வந்தது. ஒன்றுக்காரர்கள் பால் வாங்கும் கடையில் இவர்களைக் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். அக்கரை வானொலி, ‘பிரிந்து தவிக்கும் எம் உடன்பிறப்புகளே’ என்று தினமும் உருகியது. அதுவரை தவிக்காதவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுத் தவிக்க ஆரம்பித்தார்கள். போன வருடம் தெருவுக்குள் கல் வந்து விழுந்தது. இவ்வளவும் நடக்கும்போது மேற்படியாரும் மற்றவர்களைப் போலவே, பாவம், அவர்கள் இரண்டாகப் பிறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். தான் போட்ட முள்ளைத் தானே விழுங்கி, அதை உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்து மேற்பார்வையாளர்தான் இன்றைக்கு ஆணையர். புதன்கிழமை மேற்படியார் அவர் அறைக்குள் போய், பேரேட்டை மேசைமேல் விரித்து, எல்லாவற்றையும் சொன்னார். ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கேட்டு எழுதினேன்னு கீழ கையெழுத்து போட்டிருக்கியே.”

“போட்டேன் சார். கேக்கல.”

“இதை யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல சார். ஒரு தெருவே போகப்போகுது சார். அதுல முதல் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் ரெண்டு.”

“ஒரு தெருன்னு நீ நெனைக்கிறே.” ஆணையர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அன்னைக்கு ராத்திரிக்குள்ள கணக்கு முடியணும்னு எல்லாரையும்தான் வெரட்டினேன். நீ மட்டுமா மேற்படி போட்டே? நானே எத்தனை போட்டேன்னு எனக்குத் தெரியாது. இந்தத் தெரு பொய்ன்னு ஒத்துக்கிட்டா நாடே பொய்ன்னு ஆயிடும். அந்தக் கரையிலயும் இதே மாதிரி ஒரு பேரேடு இருக்கு. அங்கேருந்து ஜனங்க ஏற்கெனவே கெளம்பிட்டாங்க. அவங்களை ஆத்துலயா எறக்கிவிடறது?”

“சுரண்டிட்டுத் திருத்திடலாம் சார்.”

“பேரேட்டுல சுரண்டக் கூடாது, கிழிக்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டுத் தச்சிருக்கு. இது உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.  கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்து ஆணையருக்கும் ஏதோ இளகியது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் இவ்வளவு வேலை நடந்திருக்காது. இழுப்பறையிலிருந்து ஒரு திருத்தச் சீட்டு எடுத்தார்.

“உன் வீட்டுக்காரிக்கு மட்டும். பதிவுல பிழை, நான் ஒன்றைச் சேர்ந்தவள்னு கையெழுத்து போடச் சொல்லு. நாளைக்கு நாலு மணிக்குள்ள கொண்டா, பக்கத்துல ஒட்டிடறேன். ஒரு ஆளுக்குத்தான். மாமனார் அது இதுன்னு வந்து நிக்காதே.”

“என்னை ரெண்டுன்னு மாத்திட முடியுமா சார்? அவங்களோட போயிடறேன்.”

ஆணையருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்குச் சீட்டே இல்லப்பா. அந்தப் பக்கமா மாறணும்னு யாராவது கேப்பாங்கன்னு யாருமே யோசிக்கல.”

வியாழக்கிழமை மதியம் பாலத்துத் தெருவில் பைகளும் பேச்சுமாக இருந்தது. பதினேழாம் எண் வீட்டில் மாமனார் இல்லை. ஒரு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறாராம். அந்தத் தெருவிலிருந்த நாற்பத்தொரு பூட்டும் அவர் செய்தவை. மனைவி தரையில் உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். மேற்படியார் அவள் எதிரில் உட்கார்ந்து சீட்டை நீட்டினார். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். குடை ரிப்பேர்காரர், காலிக் கட்டம், மழை, முள், எல்லாவற்றையும்.

அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

“அன்னைக்கு நீங்க தண்ணி மட்டும்தான் கேட்டீங்க,” என்றாள். “நான்கூட நெனச்சேன், மத்த வீட்டுலல்லாம் ஏதேதோ கேட்டாராமே, நம்மகிட்ட ஒண்ணும் கேக்கலியேன்னு. என்னைப் பாத்து மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். பதினெட்டு வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்.”

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

“இந்த ஊருன்னு சொல்லியிருப்பேன். வேற என்ன சொல்றது?”

“அப்ப இதுல கையெழுத்து போடு. தப்புதானே? தப்பைத் திருத்தறோம், அவ்வளவுதான்.”

“அப்பாவுக்கு?”

“ஒரு ஆளுக்குத்தான் குடுத்தாரு.”

“எழுபது வயசுல, கை நடுங்கிக்கிட்டு, அவரு தனியா போய் அங்க யார் வீட்டுத் திண்ணையில நிப்பாரு?” அவள் சீட்டை எடுத்துப் படித்தாள். ‘நான் ஒன்றைச் சேர்ந்தவள்’ என்ற வரியை விரலால் தொட்டாள். “அது மட்டும் இல்லீங்க. அப்பாவை விடுங்க. அவரே இல்லைன்னாலும் என்னால இதை எழுத முடியுமான்னு தெரியல. பால் கடையில என்னைக் கடைசியில நிக்க வெச்சவங்க ஒண்ணு. கல்லெறிஞ்சவங்க ஒண்ணு. நானும் அதுல ஒருத்தின்னு கையெழுத்து போடச் சொல்றீங்க. அன்னைக்குக் கேட்டிருந்தா நான் ரெண்டு இல்ல. இப்பக் கேட்டா ரெண்டுதான். பன்னெண்டு வருஷமா ஒரு நாள் விடாம சொல்லிச் சொல்லி ஆக்கிட்டாங்க. எனக்கே பயமா இருக்கு, அந்த வானொலியில பாட்டு வந்தா எனக்கு அழுகை வருது.”

வாசலில் செருப்புச் சத்தம். மாமனார் எண்ணெய்க் குப்பியோடு வந்தார்.

“வாங்க மாப்பிள்ளை. சாவியைப் பூட்டுலயே விடணும்னு போட்டிருக்கானே. வர்றவன் தெறக்கும்போது மக்கர் பண்ணிச்சுன்னா என் பேருதானே கெடும்? எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டுட்டேன்.”

அவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று மேற்படியாருக்குத் தோன்றியது. நெஞ்சில் இருப்பதை இறக்கி வைத்தால் பாரம் குறையும் என்று நினைத்தார். சொன்னார். கிழவர் அடிப்பார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தார். அப்படிச் செய்திருந்தாலும் ஒரு நிம்மதி இருந்திருக்கும். கிழவர் குப்பியை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்க ஒண்ணும் தப்பா எழுதல மாப்பிள்ளை. நாங்க ரெண்டுதான். எங்க தாத்தா அக்கரையில ராஜாவோட கஜானாவுக்கே பூட்டு செஞ்ச வம்சம். ஆயிரம் வருஷத்துப் பரம்பரை. சங்கத்துல எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க.”

கல்யாணமான புதிதில் இதே கிழவர், ‘எங்க தாத்தா யாரு எவருன்னே தெரியாது மாப்பிள்ளை, பாலத்தடியில அழுதுகிட்டுக் கெடந்தாராம், ஒரு பூட்டுக்காரன் எடுத்து வளத்தானாம்’ என்று சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்தவர். அதை மேற்படியார் மெல்ல நினைவுபடுத்தினார்.

கிழவரின் முகம் சிவந்தது. “யாரு சொன்னா அப்படி? ஒரு வம்சத்தையே உங்க பேனாதான் பெத்துப் போட்டுச்சுன்னு பீத்திக்காதீங்க. போற எடத்துலயாவது எங்களுக்குன்னு ஒரு நாடு இருக்கு. அதுலயும் மண்ணைப் போடாதீங்க.”

 பொய்யைப் பிடுங்கிக்கொண்டால் அந்த மனிதருக்கு மிஞ்சுவது இரண்டு பையும் ஒரு எண்ணெய்க் குப்பியும்தான் என்று மேற்படியாருக்குப் புரிந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்க வந்தவர் வேறென்ன பேச முடியும்? சுவர்க் கடிகாரம் நாலு அடித்தபோது மூன்று பேரும் அதே அறையில் இருந்தார்கள். அவள் அந்தச் சீட்டை நான்காக மடித்து, ஆடுகிற மேசைக்காலின் கீழ் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பாலத்தில் ஜனம் நெருக்கியடித்தது. நடுப்பாலத்தில் வெள்ளைக் கோடு இழுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு மேசை. மேற்படியார் மாமனாரின் பைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். இந்த மேசையில் இருந்தவன் தெரிந்தவன், தலையைக் குனிந்துகொண்டு போகவிட்டான். அந்த மேசைக்காரன் மாமனாரை எழுதினான், அவளை எழுதினான், இவரை நிமிர்ந்து பார்த்தான்.

“நீங்க?”

“நான் இவங்க வீட்டுக்காரர்.”

“அட்டை?”

கொடுத்தார். “ஒண்ணு,” என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. “ஒண்ணுக்கு இங்க எடமில்லீங்க. ஒண்ணுங்களைத்தான் நாங்களே அனுப்பிட்டிருக்கோம். திரும்பிப் போங்க.”

அட்டையைத் திரும்ப வாங்கும்போது அவன் பேரேடு மேற்படியாரின் கண்ணில் பட்டது. பக்கத்தின் தலையில் ஓர் எண், கீழே வரிசையாக மேற்படி. அவனுடைய இழுப்பு மேலே வளையாமல் நேராக முடிந்தது. அதே நேரம் எதிர்த் திசையில், கையில் இரண்டிரண்டு பையோடு, அக்கரை ஜனங்கள் கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் பாலத்துத் தெருக்காரர்கள் மாதிரியேதான் இருந்தார்கள். ஒரு பெண் திரும்பித் திரும்பித் தன் கரையையே பார்த்துக்கொண்டு நடந்ததில் இவர்மேல் இடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டாள்.

மனைவி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கையெட்டும் தூரம்தான்.

“ரொட்டியை மூடி வெச்சிருக்கேன், எறும்பு வர்றதுக்குள்ள தின்னுடுங்க. குடையைப் பத்திரமா பாத்துக்கோங்க. இனி ஒடஞ்சா ரிப்பேர் பண்ண ஆள் கெடையாது.”

“சரி,” என்றார்.

“சும்மா நின்னுகிட்டே இருக்காதீங்க. போங்க.”

பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். மாமனார் முன்னால் நடந்துகொண்டே அந்த நாட்டுப் பாட்டை நடுங்கும் குரலில் பாட ஆரம்பித்திருந்தார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். கூட்டத்தில் அவள் தலை தெரிகிறவரை மேற்படியார் பார்த்தார். தெரியாமல் போன பிறகும் பார்த்தார். வாய்விட்டு அழுதார். அன்றைக்கு அந்தப் பாலத்தில் ஆண்கள் அழுவதை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஆணையர் அவரைக் கூப்பிட்டு, பாலத்துத் தெருப் பேரேட்டைக் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“இதை முடிச்சு வெச்சிடு. கடைசியில குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. முதல் வரியில வெளியேறினார்னு எழுது. மிச்சத்துக்கெல்லாம் மேற்படி. உனக்கு என்ன, அரை மணி வேலை. தலைநகரத்துக்கு அனுப்பணும். அங்க நிரந்தரமா வெச்சிருப்பாங்க.”

மேற்படியார் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். பேனாவில் மை நிரப்பினார். குடை ரிப்பேர்காரரின் வரியில், குறிப்புக் கட்டத்தில், ‘கேட்டேன். சொன்னார்’ என்று எழுதினார். இரண்டாம் வீட்டு வரியில், ‘இந்த ஊர் என்றார். நான் எழுதவில்லை’ என்று எழுதினார். எட்டாம் வீடு வரைக்கும் அப்படியே. ஒன்பதாம் வீட்டிலிருந்து, ‘நான் கேட்கவில்லை’. அடுத்த வரியிலும், ‘நான் கேட்கவில்லை’. பேனா பழக்கதோஷத்தில் சுழிக்கப் பார்த்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். குழந்தைகளுக்கும் எழுதினார், அப்போது குழந்தைகளாக இருந்து இப்போது பைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு. இடையில் செத்துப்போனவர்களுக்கும் விடாமல் எழுதினார். ஒரு வரிக்குக்கூட மேற்படி போடவில்லை.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மேற்படியாரே, பைத்தியமா? வேலை போயிடும்யா” என்றார். போகும்தான். ஆனால் ஏடு தைத்த ஏடு. அதைக் கிழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. அந்த விதியைக் கடைப்பிடிப்பவர்கள்தான் தலைநகரத்திலும் இருக்கிறார்கள். யாரும் படிக்கப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

மூன்றாம் பக்கத்தின் நடுவுக்கு அவர் வந்தபோது செவ்வாய்க்கிழமை மதியம் ஆகியிருந்தது. பூட்டுக்காரர், வயது ஐம்பத்திரண்டு. ‘நான் கேட்கவில்லை.’ அதற்கடுத்த வரியில் அவர் மகள், வயது பத்தொன்பது. அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

‘நான் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டேன். கொடுத்தாள்.’

மை காய்கிறவரை காத்திருந்து, அவர் அடுத்த வரிக்குப் போனார்.